படம் காட்டாத பாதிக் கதை! கோடீசுவரர் ஹோவர்ட் ஹியூசின் வாழ்க்கை

மூன்று மணி நேரத்துக்குப் பத்தே நிமிடம் குறைவு. அவ்வளவு நீளமான படம் 'தி ஏவியேட்டர்'. ஏவியேட்டர் என்றால் விமானி. 2004-ம் ஆண்டு கடைசியில் அமெரிக்காவில் வெளியாயிற்று. டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செசி. கதாநாயகன் லியனார்டோ டிகாப்ரியோ. 11 பிரிவுகளில் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டு, 5 பரிசுகளைத் தட்டிச் சென்ற படம் அது.

கதை கற்பனை அல்ல. ஹோவர்ட் ஹியூஸ் என்ற அமெரிக்கக் கோடீசுவரரின் வாழ்க்கைதான் கதை.

படம் பார்த்தவர்கள் ஒரே மாதிரி அபிப்பிராயம் சொல்லவில்லை. விமானங்கள் பறக்கும் காட்சிகளுக்கே கொடுத்த காசு தகும் என்று மெச்சியவர்கள் உண்டு. இத்தனை நீளம் எதற்கு என்று சலித்துக் கொண்டவர்களும் உண்டு. டிகாப்ரியோவின் முகத்தில் பிள்ளைக் களை இன்னும் போகவில்லையே என்று குறைப்பட்டார்கள் சிலர். முற்பகுதியில் புல்லும் பட்டாணியும் நீலமாகத் தெரிந்ததைக் கண்டு, ரீலில் ஏதோ கோளாறு என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து இருவர்ணப் படம் எப்படித் தெரியுமோ அப்படியே டைரக்டர் காட்டியிருந்தார்.

ஆனால் பெரிய வாதம் முடிவைப் பற்றியதுதான். படம் 1947-ல் நின்று விடுகிறது. ஹியூஸ் காலமானதோ 1976-ல். நடுவில் 29 ஆண்டுகள்!

புகழின் உச்சியில் இருந்தபோதே கதையை நிறுத்தியதுதான் மரியாதை என்றார்கள் ஒரு சாரார். இத்தனை நேரம் உட்கார வைத்துவிட்டுப் பாதிக் கதையோடு அனுப்பிவிட்டார்களே என்றார்கள் மறு சாரார்.

இதில் எது சரி? முழுக் கதையையும் தெரிந்துகொண்டால், வாசகர்களே தீர்ப்புச் சொல்லி விடலாம்.

பாதாளத்தில் கிடைத்த பணம்

ஹோவர்ட் ஹியூஸ் 1905-ம் ஆண்டு டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்தார். தந்தை பெயரும் ஹோவர்ட் ஹியூஸ்தான். பூமியில் எண்ணெய் தேடி அலைந்தவர் அவர். கடும் பாறை குறுக்கிட்டால் அக்காலத்துத் துளைக் கருவிகள் மழுங்கிப் போகும். கிணற்றைப் பாதியில் கைவிட வேண்டியதுதான். பற்கள் கொண்ட இரண்டு உருளைகள் சுழன்று பாறையை நொறுக்கும் ஒரு புதிய கருவிக்குத் தந்தை ஹியூஸ் 1909-ல் பேட்டண்ட் வாங்கினார்.

அந்தக் கருவியை அவர் விற்கவில்லை. வாடகைக்கு விட்டார்! எண்ணெய் எடுத்தவர்கள் எல்லோரும் அவருக்கு வாடகை கட்டினார்கள். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். இந்தக் குடும்பத்துக்கோ பாதாளத்திலிருந்தே பணம் பாய்ந்து வந்தது.

ஹோவர்ட் ஒரே பிள்ளை. தாய்க்கு நோய் என்றால் அடங்காத பயம். மகனுடைய கால், பல், தொண்டை என்று தினந்தோறும் பரிசோதிப்பாள். ஊரில் எங்காவது தொற்றுநோய் என்று காதில் விழுந்தால் போதும், நிலைகொள்ள மாட்டாள். படத்தின் முதல் காட்சியே இதுதான். தாய் மகனைக் குளிப்பாட்டுகிறாள். நோய்க்காரர்களை ஒதுக்கி வைப்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். சிறுவனுக்குக் காதும் சற்று மந்தம். யாரோடும் அதிகம் ஒட்டாமல் வளர்ந்தான்.

1922-ல் தாய் இறந்தாள். 1924 ஜனவரியில் தந்தையும் மாரடைப்பால் காலமானார். ஹோவர்டுக்கு அப்போது வயது 18.

கம்பெனியில் முக்கால் பங்கு அவருக்கு வந்தது. மிச்சப் பங்கு உறவினர்களுக்கு. அவர் சும்மா இருக்கவில்லை. உறவினர்களின் பங்கை விலைக்கு வாங்கினார். 19-வது வயதில் கோர்ட்டுக்குப் போய், தான் மேஜரானவர் என்று தீர்ப்புப் பெற்றார். கம்பெனி முழுவதும் கைக்கு வந்துவிட்டது.

அன்று முதல் அவருக்கு மேலே யாரும் இல்லை. அப்பா இல்லை. அம்மா இல்லை. வேண்டாமப்பா என்று கையைப் பிடித்துத் தடுக்க ஒரு பெரியவரும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேகத்துக்காகக் காத்திருந்தவர்

1925-ல் எல்லா ரைஸ் என்ற பெண்ணை மணந்துகொண்டு ஹாலிவுட்டுக்குப் போனார். நான்கே ஆண்டுகளில் விவாகரத்து. படம் எடுக்கும் ஆசை மட்டும் விடவில்லை. கம்பெனிக் கணக்குகளைக் கவனிக்க நோவா டீட்ரிக் என்ற கெட்டிக்காரரை அமர்த்திக்கொண்டு, தாம் காமிராவின் பின்னே போய் நின்றுகொண்டார்.

முதலாவது உலக யுத்தத்தின் விமானிகளைப் பற்றி 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற படத்தை 1927-ல் ஆரம்பித்தார். விமானங்களைக் கூட்டங்கூட்டமாக வாங்கினார். வானம் நிர்மலமாக இருந்தால் படப்பிடிப்பு நடக்காது. பின்னால் மேகம் இருந்தால்தான் விமானத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. மேகம் வரும்வரை அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்!

ஒரு சாகசத்தைச் செய்யத் தொழில்முறை விமானிகளே மறுத்தார்கள். ஹியூஸ் தாமே விமானத்தை ஓட்டினார். விமானம் விழுந்தது. அவர் தலையில் பலத்த அடி. அந்தப் படப்பிடிப்பில் விமானிகள் சிலர் உயிரையே இழந்தார்கள்.

படம் முடியும் சமயத்தில் பேசும் படம் வந்துவிட்டது. மற்றொருவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹியூஸ் வசனக் காட்சிகளைப் புதிதாக எடுத்தார். கதாநாயகியையும் மாற்றினார். அப்படி வந்தவர்தான் ஜீன் ஹார்லோ. 1930-ல் படம் வெளியாயிற்று. ஜனங்கள் திரண்டார்கள். எல்லோரும் வேண்டாம் என்றார்கள்; அவர் செய்தார்; ஜெயித்தார். அந்தப் பாடம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

நான்கு நாளில் உலகம்!

படத்தைவிட விமானமே அவருக்கு உயிர். 1932-ல் பொய்ப் பெயர் கொடுத்து ஒரு விமானக் கம்பெனியில் சிறிய உத்தியோகத்தில் சேர்ந்தார். கோடீசுவரர் சம்பளத்துக்கு விமானம் ஓட்டினார்! அதே ஆண்டில் சொந்த விமானக் கம்பெனியையும் தொடங்கினார்.

1935 செப்டம்பரில் தம் கம்பெனி செய்த பந்தய விமானத்தில் மணிக்கு 352 மைல் வேகத்தில் பறந்தார். ஆணித் தலைகள்கூடக் காற்றைத் தடுக்கக்கூடாது என்று அவற்றைத் தகட்டோடு தகடாக இழைத்த விமானம் அது. தரையிலிருந்து கிளம்பும் எந்த விமானமும் அதுவரை அவ்வளவு வேகம் போனதில்லை. பெட்ரோல் தீர்ந்து கிழங்குத் தோட்டத்தில் இறங்கியபோதுதான் அன்றைய பறத்தல் நின்றது.

1938 ஜூலையில் நான்கு துணைவர்களோடு நியூயார்க்கிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றி வந்தார். ஆன நேரம் 3 நாளும் 19 மணியும்தான். முந்திய சாதனை ஏழே முக்கால் நாள். அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்! நியூயார்க் வீதிகளில் லட்சக்கணக்கான மக்கள் கூடிக் காகிதத் துண்டுகளைப் பூமாரியாகப் பொழிந்தார்கள்.

காங்கிரஸ் சபை தங்கப் பதக்கம் வழங்கியது. அதை வாங்க அவர் போகவே இல்லை. பிற்பாடு ஜனாதிபதி ட்ரூமன் அதைத் தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

அழகிய நட்சத்திரங்களின் பெயர்களோடு அவர் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. அவர்களில் ஒருவர் காதரின் ஹெப்பர்ன். படத்தில் அந்த வேடத்தில் நடித்த கேட் பிளான்செட்டுக்குத்தான் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

தீயில் விழுந்தார்

1946 ஜூலை 7-ந் தேதி. ராணுவத்துக்காகச் செய்த ஒரு புதிய வேவு விமானத்தை ஹியூஸ் தாமே சோதித்துப் பார்த்தார். விமானம் பெவர்லி ஹில்ஸ் வீடுகளின் மேல் விழுந்து தீப்பற்றியது. அந்தப் பக்கம் இருந்த ஒரு போர்வீரர் தீக்குள் புகுந்து அவரை இழுத்துப் போட்டார். விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஒரு நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. உடம்பெல்லாம் தீப்புண். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். பிழைத்துவிட்டார்.

வலி தாங்காமல் மருந்து கொடுத்தார்கள். முதலில் மார்பின், பிறகு கோடீன். எலும்பு கூடியது. புண் ஆறியது. மருந்து மட்டும் நிற்கவில்லை. கடைசி மூச்சுவரை அது அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மரத்தால் ஒரு ராட்சதப் பறவை

1942-ல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தன. கடலுக்கு மேலே பறந்து 750 வீரர்களைக் கொண்டுபோகும் விமானம் ஒன்றைக் கட்ட ஹியூஸ் ஒப்புக்கொண்டார். யுத்த காலத்தில் உலோகத்துக்குப் பஞ்சம். ஆகவே மரத்தாலேயே செய்தார். இறக்கையின் முனையிலிருந்து முனைவரை 320 அடி. எட்டு எஞ்சின்கள்.

ஆனால் எல்லாம் அணுப் பிசகாமல் இருக்க வேண்டும் என்ற அவர் பிடிவாதத்தால் வேலை இழுத்தது. 1945-ல் யுத்தமே முடிந்துவிட்டது. விமானம் முடியவில்லை. பத்திரிகைகள் அதை மர வாத்து என்று கேலி செய்தன.

1947-ல் செனட் கமிட்டி அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. சர்க்கார் பணத்தை விழுங்கிவிட்டார் என்பது புகார். ஹியூஸ் அஞ்சவில்லை. விசாரித்த செனட்டர் புரூஸ்டர் மீதே எதிர்ப் புகார் சொன்னார். தம் டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பான் ஆமுடன் இணைத்துவிட்டால் விசாரணையைக் கைவிடுவதாகச் செனட்டர் பேரம் பேசினார் என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். இந்த விமானம் பறக்காவிட்டால் நாட்டை விட்டே போய்விடுவேன் என்றும் சபதம் செய்தார்.

அதே ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, லாங் பீச் துறைமுகத்தில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். நீரில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அறிவிப்பு. திடீரென்று மர வாத்து நீரை விட்டு எழும்பியது! சுமார் 70 அடி உயரத்தில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் பறந்து இறங்கியது. பிறகு அது ஒரு நாளும் பறக்கவில்லை. இப்போது ஓரிகன் மாகாணத்தில் ஒரு காட்சிசாலையில் இருக்கிறது.

ஸ்கார்செசியின் படம் இந்த வெற்றியோடு முடிகிறது. முடிவதற்குச் சற்று முன்னால் ஹியூஸ் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நிறுத்த முயல்கிறார், முடியவில்லை. கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போகிறார். அதோடு திரை விழுந்துவிடுகிறது.

ஒன்பதாம் மாடி

திரை விழுந்த பிறகுதான் மீதிக் கதை.

1948-ல் ஆர்.கே.ஓ. படக் கம்பெனியை வாங்கினார். 1955-ல் விற்றார். 1957-ல் ஜீன் பீட்டர்ஸ் என்ற நடிகையை மணந்தார். அதே ஆண்டில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூட இருந்த நோவா டீட்ரிக் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார். ஹியூசிடம் எதிர்த்துப் பேசக்கூடிய வெகு சிலரில் அவர் ஒருவர். அவர் போன பிறகு மிஞ்சியவர்கள் பெரும்பாலும் தலையாட்டும் சிப்பந்திகளே.

தாய் விதைத்த கிருமிப் பயம் மரமாகி விட்டிருந்தது. எந்தப் பொருளையும் மெல்லிய காகிதம் சுற்றித்தான் அவரிடம் கொடுக்க வேண்டும். டின்னில் அடைத்த பழத்தை எப்படித் திறப்பது, அதற்குமுன் கையை எத்தனை முறை கழுவுவது என்று பக்கம் பக்கமாக விதிகள் எழுதிக் கொடுத்தார். சிப்பந்திகள் ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றினார்கள்.

1966-ல் தம் டி.டபிள்யூ.ஏ. பங்குகளைச் சுமார் 54 கோடி டாலருக்கு விற்றார். அந்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரத்துக்கு வந்து டெசர்ட் இன் ஓட்டலின் ஒன்பதாம் மாடியில் குடியேறினார். சூதாட வரும் பெரும்புள்ளிகளுக்கு அறை வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். என்ன செய்தார் தெரியுமா? 1967-ல் ஓட்டலையே வாங்கிவிட்டார்! தொடர்ந்து வேறு ஓட்டல்களும், சூதாட்டக் கூடங்களும் அவர் வசமாயின. இரவு முழுவதும் படம் பார்ப்பதற்காக ஒரு டெலிவிஷன் நிலையத்தையும் வாங்கினார்.

நாலு வருஷம் அந்த அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. ஜன்னல்களை மூடித் திரையிட்டிருந்தார்கள். பகல், இரவு தெரியாது. மனைவி அங்கே வந்து குடியிருக்கவில்லை. 1971-ல் விவாகரத்தும் ஆகிவிட்டது. கிருமிக்குப் பயந்து உலகத்தையே ஒதுக்கியவர், தாம் குளிப்பதில்லை. முடி தோளுக்கு வந்தது. நகம் வெட்டாமல் வளைந்தது. வலி மருந்து மட்டும் வேளை தவறாமல் வந்தது. அவரிடம் சம்பளம் வாங்கிய டாக்டர்களே அதை எழுதிக் கொடுத்தார்கள்.

1970 நவம்பரில் யாருக்கும் தெரியாமல் ஊரை விட்டார். பகாமா, நிகராகுவா, லண்டன், மெக்சிகோ என்று ஓட்டல் ஓட்டலாக மாறினார். ஊர் மாறியதே தவிர, இருட்டறை மாறவில்லை.

ஆளைக் காணோம், பெயர் மட்டும் உலவியது

மனிதரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே அவர் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்றாகிவிட்டது. கிளிஃபர்ட் இர்விங் என்ற எழுத்தாளர், ஹியூஸ் தம்மிடம் சுயசரிதை சொன்னதாகக் கதை கட்டி, ஒரு பெரிய பதிப்பகத்தில் பணம் வாங்கிவிட்டார். 1972 ஜனவரியில் ஹியூஸ் டெலிபோன் மூலம் ஏழு நிருபர்களிடம் பேசி அதை மறுத்தார். அப்போதும் குரல்தான் வந்தது, ஆள் வரவில்லை. இர்விங் சிறை சென்றார்.

1974-ல் அவர் பெயரைத் தாங்கிய ஒரு கப்பல், கடலடியில் தாதுப் பொருள் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு பசிபிக் சமுத்திரத்துக்குப் போனது. உண்மையில் அது போனது, 1968-ல் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கி ஒன்றைத் தூக்க! அமெரிக்க உளவு ஸ்தாபனம் செய்த ஏற்பாடு அது. ஹியூஸ் எந்த விபரீதத்தையும் செய்வார் என்று உலகமே நம்பியதால், ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை.

கைரேகை சொன்ன சாட்சி

1976 ஏப்ரல் 5-ந் தேதி. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்கு ஹியூசை விமானத்தில் கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. விமானமே உயிர் என்று வாழ்ந்தவரின் உயிர் விமானத்திலேயே போயிற்று. வயது 70.

ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். உடலின் எடை சுமார் 42 கிலோதான். கைகளில் ஊசி முனைகள் ஒடிந்து உள்ளேயே தங்கியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. மரணத்துக்குக் காரணம் சிறுநீரகம் செயலிழந்தது என்றார்கள் டாக்டர்கள். உலகப் புகழ் பெற்றவரை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. எஃப்.பி.ஐ. இலாகா கைரேகையை ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டியதாயிற்று!

செல்லத்தக்க உயில் எதுவும் கிடைக்கவில்லை. அவர் எழுதியதாக வந்த ஓர் உயிலைப் போலி என்று 1978-ல் கோர்ட் தள்ளியது. 1983-ல் ஆஸ்தி உறவினர்களுக்குப் பிரிக்கப்பட்டது.

ஒன்று மட்டும் உருப்படியாக நிலைத்தது. 1953-ல் அவர் தம் பெயரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவி, விமானக் கம்பெனியின் பங்குகளை அதற்குக் கொடுத்திருந்தார். வரியைத் தப்பிக்கவே அப்படிச் செய்தார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 1985-ல் அந்தக் கம்பெனி ஜெனரல் மோட்டார்சுக்கு 500 கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. ஆராய்ச்சிக்காகப் பெருந்தொகை செலவிடும் ஸ்தாபனங்களில் இன்று அதுவும் ஒன்று. தமக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளாத மனிதரின் பணம் ஊருக்கு வைத்தியம் தேடுகிறது!

தீர்ப்பு என்ன?

பிற்காலத்து ஹியூசைக் காட்டும் படமும் வராமல் இல்லை. 2016-ல் வாரன் பீட்டி ஒரு படம் எடுத்து, தாமே ஹியூசாக நடித்தார். கொட்டகைகளில் கூட்டம் சேரவில்லை. ஜனங்களுக்கு வானத்தில் பறக்கும் ஹியூஸ்தான் வேண்டும். இருட்டறையில் கிடக்கும் ஹியூஸ் வேண்டாம் போலும்.

ஆனால் இருவரும் ஒருவரே. யார் தடுத்தாலும் கேளாமல் மேகத்துக்காகக் காத்திருந்த அதே பிடிவாதம்தான், யார் பேச்சையும் கேளாமல் அறைக்குள் பூட்டிக்கொண்டது. முதல் பாதியில் நாம் கை தட்டிய குணத்துக்கே இரண்டாம் பாதியில் கண்ணீர் விட வேண்டியிருக்கிறது. ஆகவே பாதிக் கதை என்று குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் அதிகம். டைரக்டர் கடைசி நிமிடத்தில் கோடி காட்டத்தான் செய்தார். கோடி மட்டும் போதவில்லை.

அவருக்கு இருந்தது பைத்தியக்காரத்தனம் அல்ல, ஒரு நோய். ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டால் அதை உதற முடியாமல், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். விபத்துகளின் வலியும் மருந்துப் பழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டன. அந்தக் காலத்தில் இதற்குச் சிகிச்சை இவ்வளவு வளரவில்லை. இன்று மருந்து உண்டு. மனப் பயிற்சியும் உண்டு. பணக்காரருக்கு மட்டும் வரும் நோயும் அல்ல இது. நம் தெருவில், நம் வீட்டில் கைத்தோல் உரியுமளவுக்குக் கழுவிக்கொண்டே இருப்பவர்கள், பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கலாம். அவர்களைக் கேலி செய்யக்கூடாது. சொன்னபடியெல்லாம் ஆடிக் கொடுக்கவும் கூடாது. கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஹோவர்ட் ஹியூஸ் ஓட்டலை வாங்கினார். விமானக் கம்பெனியை வாங்கினார். டெலிவிஷன் நிலையத்தை வாங்கினார். ஆனால் எழுந்து வா, வைத்தியரிடம் போகலாம் என்று அதட்டிக் கூப்பிடும் ஒரு சொந்த மனிதரை அவரால் விலைக்கு வாங்க முடியவில்லை.